யாருடைய வாய் நீளம்?

அலட்டிக்கொள்பவரை மட்டம்தட்டுவதற்குச் சிங்கப்பூரில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்ததைவிட அதிகம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவர் ‘யாயா பப்பாயா’. புதுக் கைக்கடிகாரம் எல்லார் கண்ணிலும் படும்படி காப்பிக்கடை மேசையில் கையை நீட்டி வைப்பவர் ஹொக்கியனில் ‘ஹாவ் லியான்’. மேட்டுக்குடிப் பாவனை காட்டினால், ‘மேலே’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால் ‘அத்தாஸ்’. எந்த வகை ஆர்ப்பாட்டத்துக்கும் பொருந்தும்படி ஆங்கிலத்திலிருந்து எடுத்த ஒன்றும் உண்டு: ‘ரொம்ப ஆக்‌ஷன் காட்டாதே.’ சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் இவற்றை இரவல் என்ற நினைப்பே இல்லாமல் புழங்குகிறார்கள். கசப்பு குறைவு, சிரிப்பு அதிகம். நம்மோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கொஞ்சம் உயரமாக உட்காரப் பார்த்தால், அவரைத் தோளைப் பிடித்து இறக்கிவிடும் சொற்கள் இவை. ஆகவே சமமானவர்களுக்குள்ளேதான் இவை செல்லுபடியாகும்.

இதே ஊரில் வேறொரு சொற்கூட்டமும் உண்டு. காப்பிக்கடையில் அது அதிகம் காதில் விழாது. ‘இன்சொலன்ட்’, ‘இம்பர்ட்டினன்ட்’, ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்பவை மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டிலும், எச்சரிக்கைக் கடிதத்திலும், பணிப்பெண்ணைப் பற்றி வீட்டுக்காரர் ஏஜெண்டிடம் சொல்லும் புகாரிலும் வாழ்கின்றன. தமிழில் நமக்கு இதற்கு ஈடாகத் திமிர், கொழுப்பு, வாய்த்துடுக்கு, மண்டைக்கனம், அதிகப்பிரசங்கித்தனம் என்று வரிசையே இருக்கிறது. இவை எல்லாம் மேலிருந்து கீழே எறியப்படுபவை. ஒருவரை அதிகப்பிரசங்கி என்று சொல்லும்போது அவர் சொன்னது பொய் என்று யாரும் வாதிடுவதில்லை. அவருக்கு விதித்த அளவைத் தாண்டிச் சொல்லிவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. அந்த அளவை விதித்தது யார் என்பது குற்றப்பத்திரிகையில் இருக்காது.

மேலே இருப்பவரின் அகந்தைக்கு நம்மிடம் சொல் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. செருக்கு, இறுமாப்பு, மமதை, அகம்பாவம் எல்லாம் இருக்கின்றன. ஆணவத்தை மும்மலங்களில் ஒன்றாக்கி, உயிரோடு ஒட்டிப் பிறந்த இருள் என்றே சைவ சித்தாந்தம் விளக்கியிருக்கிறது. ஆனால் இவை சொற்பொழிவு மேடையிலும் புத்தகத்திலும் கேட்பவை. காலையில் நம்மைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துப் பேசிய மேலதிகாரியைப் பற்றி இரவு வீட்டில் சொல்லும்போது ‘இறுமாப்பு’ என்ற சொல் வாயில் வருவதில்லை. ‘கறாரான ஆள்’, ‘ஸ்ட்ரிக்ட்’, ‘மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லிடுவார்’ என்று சொல்லி, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொள்கிறோம். மேலே இருப்பவரின் குறைக்கு நம்மிடம் தத்துவம் இருக்கிறது. கீழே இருப்பவரின் குறைக்கு வசவு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றின் வரிசையில் சற்று நேரம் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், போன வாரத்தைவிட ரேட் ஏன் குறைந்திருக்கிறது, கட்டணம் தனியா சேர்த்தா என்று கேட்கிறார். “அதான் போர்டுல போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்று பதில் வருகிறது. அவர் விடாமல், போர்டில் இருப்பதற்கும் ரசீதில் இருப்பதற்கும் வித்தியாசம் இருப்பதைக் காட்டுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் முகம் மாறுகிறது. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க அடுத்து நிற்பவரும் அதே கேள்வியைக் கேட்கிறார். “சார், இப்படிப் பாருங்க” என்று கால்குலேட்டரே அவர் பக்கம் திரும்புகிறது. அவரும் போன பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வாக்கியம்: “இப்பல்லாம் இவனுங்களுக்கு வாய் நீளமாயிடுச்சு.” அந்த ‘இவனுங்க’ளில் அலுவலக அட்டைக்காரர் சேர்த்தியில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் அந்தக் கடைக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் ஒரு பழைய கணக்கைத் தன்னையறியாமல் போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். கேள்வி ஒன்றே என்றாலும் ஒருவர் கேட்டால் அது சந்தேகம், இன்னொருவர் கேட்டால் அது வாய்.

இந்தக் கணக்குக்கு எழுத்தில் சரித்திரம் உண்டு. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், எசமானுக்கும் வேலையாளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்தியது. குடிபோதை, வேண்டுமென்றே கட்டளையை மீறுதல், கடமையில் பெரும் அசட்டை ஆகியவற்றோடு ‘இன்சொலன்ஸ்’ என்பதையும் அது சிறைக்கு அனுப்பத்தக்க குற்றமாக வைத்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மலைத்தோட்டங்களுக்குப் போன பல்லாயிரம் பேர் அந்தச் சட்டத்தின் கீழ்தான் கொழுந்து பறித்தார்கள். குடித்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி கிடைக்கும். வேலைக்கு வந்தாரா இல்லையா என்பதற்குப் பேரேடு இருக்கும். துடுக்காக இருந்தாரா என்பதற்கோ, துரையின் மனம் புண்பட்டது என்பதைத் தவிர வேறு என்ன தடயம் இருக்க முடியும்? பேசினால்தான் துடுக்கு என்பதும் இல்லை. வாயே திறக்காமல் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நிற்பதை ‘ஊமைத் துடுக்கு’ என்ற பொருளில் பிரிட்டிஷ் ராணுவத்தார் ஒரு பெயர் வைத்தே அழைத்தார்கள். ‘பார்வையே சரியில்லை’, ‘முறைக்கிறான் பாரு’ என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

மலாயாவில் இது சைக்கிள் வடிவத்தில் வந்தது. ரப்பர்த் தோட்டத்துச் சாலையில் துரையோ, தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் வரும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பெண்களிடம் வம்பு செய்வதற்கு முடிவு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு, வெள்ளைக்கார மேலாளர் முன்னாலும் ஆசியச் சிப்பந்திகள் முன்னாலும் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக அனுமதி என்பதும் ஒன்றாக இருந்தது. வயிற்றுக்கான கோரிக்கைகளோடு இதையும் சரிசமமாக எழுதிய கை எதுவோ, அதற்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய, ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்த ஆர்.எச்.நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். துரைகளின் பார்வையில், கூலிகளுக்கு யாரோ திமிர் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் வெள்ளைக்காரரோடு கிராணியும் இடம்பெற்றிருப்பதை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. அவர் பெரும்பாலும் நம் நிறத்தவர், சில வேளைகளில் நம் மொழியினர். சைக்கிளை விட்டு இறங்காத கூலியின் மீது துரைக்கு வந்த கோபத்தைவிட அவருக்கு வந்த கோபம் குறைவாக இருந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை.

அந்த வேலைநிறுத்தத்துக்கு முன்பே, இதே சூழ்நிலையில்தான் ‘சுயமரியாதை’ என்ற சொல் கடல் கடந்து வந்தது. பெரியார் 1929இன் கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கோ.சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். இன்று அந்தச் சொல்லை விழா மேடையில் கைதட்டலோடு கேட்கிறோம். அன்று, துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டவரை, பெயர் சொல்லி அழைத்தால் ‘அய்யா’ என்று கூனாமல் ‘என்ன?’ என்று திரும்பிக் கேட்டவரை, ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒரு தலைமுறையின் கொழுப்பு, அடுத்த தலைமுறையின் உரிமை, அதற்கடுத்த தலைமுறையின் பாடப்புத்தகம். நாம் இப்போது பாடப்புத்தகக் கட்டத்தில் இருப்பதால், முதல் கட்டத்தை அடையாளம் காணும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

சுதந்திர சிங்கப்பூர் இதைத் தன் பாணியில் ஒருமுறை வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. 1994இல் எழுத்தாளர் கேத்தரின் லிம் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். ஆளும் கட்சியின் திறமையை மக்கள் மதிக்கிறார்கள், ஆனால் அதனிடம் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை என்பது முதல் கட்டுரையின் சாரம். அப்போதைய பிரதமர் கோ சோக் டோங்கின் மென்மையான போக்கு, பழைய கண்டிப்புக்கு வழிவிடுகிறது என்பது இரண்டாவது. பத்திரிகைப் பத்தியில் நின்று அரசியல் போக்கை வகுக்க நினைப்பவர் நேராக அரசியலுக்கே வரட்டும் என்று அரசாங்கம் பதில் சொன்னது. 1995இல், தகவல், கலைகள் துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் இயோ இதற்கு ஹொக்கியனிலிருந்தே ஒரு தொடரை எடுத்துக் கொடுத்தார்: ‘போ துவா போ சுவே’. பெரியவர் சிறியவர் என்ற பாகுபாடு தெரியாமல் நடந்துகொள்வது என்று பொருள். விவாதம் இருக்கலாம், அதிகாரத்தில் இருப்பவரைச் சமமானவரைப் போல எதிர்கொள்ளக் கூடாது என்பதே அவர் சொன்னதன் சுருக்கம்.

அதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் நம் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த வாதம் அந்நியமானதில்லை. மட்டு மரியாதை என்று நாம் சொல்வதும் அதுவே. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதையும், தெரியாத முதியவரை ‘நீங்க’ என்பதையும், சந்தையில் மீன் விற்பவரை ‘அங்கிள்’ என்று கூப்பிடுவதையும் கைவிட வேண்டும் என்று யாருக்கும் ஆசையில்லை. அந்த மரியாதை இல்லாத ஊர் வாழ்வதற்கு வறண்ட ஊர். சிக்கல், வயதுக்குக் கொடுத்த மரியாதை எப்போது பதவிக்குக் கொடுத்ததாக மாறியது, பதவிக்குக் கொடுத்தது எப்போது கேள்வி கேட்காமல் இருப்பதாக மாறியது என்பதில் இருக்கிறது. 2011 தேர்தலில் தம் தொகுதியே கைவிட்டுப் போகும் நிலையில் பிரசாரம் செய்தபோது, தம் கட்சி மாற வேண்டும், மக்களின் மனக்குறையைக் கேட்க வேண்டும் என்று சொன்னவரும் அதே ஜார்ஜ் இயோதான். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாவலாசிரியை சொன்னதும் அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

அகந்தை என்பது கீழிருப்பவர் மீது சுமத்தப்படும் பழி மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் அது இன்னொரு பொய்யாகும். அசல் அகந்தையையும் நாம் பார்க்கிறோம். 2019 தீபாவளிச் சமயத்தில், ஒரு கொண்டோவில் இரவு 11 மணிக்கு மேல் வரும் விருந்தினர் வண்டிக்கு 10 வெள்ளி கட்டணம் என்று சொன்ன முதிய பாதுகாவலரிடம், குடியிருப்பாளர் ஒருவர் வீட்டுக்குக் கொடுத்த விலையைச் சொல்லி வசைமாரி பொழிந்தார். காணொளி பரவியது. விதியைச் சொன்னவருக்குத் துடுக்கு என்று பெயர் வைக்கப் பார்த்த ஒருவரை ஊரே எதிர்த்தது, அதுவரை நியாயம்தான். அடுத்த சில நாட்களில் அவருடைய வேலை போக வேண்டும் என்று மனு எழுந்தது. அவர் எந்த நாட்டில் பிறந்தார், பட்டம் உண்மையா, குடியுரிமை எப்படிக் கிடைத்தது என்று ஆயிரக்கணக்கானோர் துருவினார்கள். அகந்தையைக் கண்டிக்கக் கிளம்பிய கூட்டம், அதைவிடப் பெரிய உயரத்தில் ஏறி நின்றுகொண்டு பேசியது. நம்மில் பலரும், “அவர் புதுசா வந்த இந்தியர், நாங்க இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க” என்று அவசரமாக ஓர் அடி தள்ளி நின்றுகொண்டோம். அவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். பாதுகாவலர்களைத் துன்புறுத்துவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத் திருத்தம் 2021இல் நிறைவேறி, 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தம் வேலையைச் செய்ததற்காகத் திட்டு வாங்கக் கூடாது என்பதற்கும் நமக்குச் சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் என்றதும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் இன்னொரு குற்றச்சாட்டு நினைவுக்கு வருகிறது: “சட்டம் பேசுறா.” வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 முதல் விதி. அந்த நாளில் வேலை செய்தால் காசாக ஈடு கொடுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிக் காசாக்க முடியாது என்று 2023 ஜனவரி முதல் அதையும் இறுக்கினார்கள். இதைத் தன் கைப்பேசியில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகட்டுமா என்று ஒரு பெண் கேட்டால், வந்த புதிதில் எவ்வளவு அடக்கமாக இருந்தாள், இப்போது கூட்டாளிகள் சேர்ந்து வாய் வந்துவிட்டது என்று பேச்சு எழுகிறது. எச்சில் துப்புவதிலிருந்து ரயிலில் தண்ணீர் குடிப்பது வரை விதி இருக்கும் ஊர் இது. அந்த விதிகளைப் பற்றி வெளியூர் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்பவர்களும் நாம்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு விதியை ஒருவர் எடுத்துச் சொல்வது எப்படி வாய்த்துடுக்கானது என்று கேட்டால், பதில் அந்த விதியில் இல்லை, சொன்ன வாயில் இருக்கிறது. வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும் தொழிலாளி, பாக்கிச் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் தன் குரலை எத்தனை முறை சரிசெய்து பார்ப்பார் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். அவருக்கு ஒரு சொல் தவறினால் மனஸ்தாபத்தோடு முடியாது; விமான டிக்கெட்டில் போய் முடியலாம்.

இன்னொரு பக்கம், தன்னம்பிக்கையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். பிள்ளை பேசத் தயங்குகிறான் என்று சனிக்கிழமை வகுப்பில் சேர்க்கிறோம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வில் சொந்தக் கருத்தைத் தயங்காமல் சொன்னால்தான் மதிப்பெண் என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளை அங்கே கற்றதை வீட்டுக்கு எடுத்துவந்து, “தாத்தா சொன்னது சரியில்லையே” என்றால், “எதிர்த்துப் பேசாதே” என்கிறோம். அலுவலகத்தில் ஆண் ஒருவர் கூட்டத்தின் நடுவே குறுக்கிட்டால் ‘கான்ஃபிடன்ட்’. பெண் குறுக்கிட்டால் ‘அவளுக்கு ஓவர் திமிர்’. இதை நம் சினிமா நமக்குப் பல பத்தாண்டுகளாகக் கற்பித்திருக்கிறது. 1999இல் வந்த ‘படையப்பா’வில் நீலாம்பரியின் குற்றம் ஆணவம். நாயகனின் நடை, சிரிப்பு, சுருட்டு எல்லாவற்றிலும் இருப்பதற்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். 2006இல் விஷாலின் படத்துக்கு ‘திமிரு’ என்றே தலைப்பு வைத்தார்கள்; கதாநாயகனுக்கு அது பட்டம் போலப் பொருந்தியது. சுவரொட்டியில் காசாகும் அதே குணம், பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்பவரிடம் துளி இருந்தாலும் நமக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தச் சொற்களையே விட்டுவிடலாம் என்று சொல்வது நேர்மையாகாது. தாதியரிடம் கத்துபவரை, பேருந்து ஓட்டுநரை மிரட்டுபவரை, வரிசையில் புகுந்துவிட்டு நம்மையே முறைப்பவரைச் சொல்ல நமக்கு ‘திமிர்’ என்ற சொல் வேண்டும். பணிவாகப் பேசுவது நல்லது என்பதில் இரண்டாம் கருத்து இருக்கவே முடியாது. ஆனால் பணிவை அதிகமாக எதிர்பார்ப்பது யாரிடம் என்று பார்த்தால், இழக்க ஒன்றுமே இல்லாதவரிடமும், இழந்தால் எல்லாமே போய்விடக்கூடியவரிடமும்தான். நடுவில் இருக்கும் நமக்குக் கொஞ்சம் அப்படி இப்படிப் பேசிக்கொள்ளச் சலுகை உண்டு. சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று மேலாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், வீட்டுக்குப் பணிப்பெண் வைத்திருப்பவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாத்தாக்கள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவருடைய காதும் நமக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்பது மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

தொனி முக்கியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒருவரின் தொனியைக் குறை சொல்லும் தகுதி, அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் கொடுத்த பிறகுதான் நமக்கு வருகிறது. ரசீதில் தொகை தவறா? தவறுதான், திருத்திக் கொடுத்தாயிற்று. சம்பளம் பாக்கியா? பாக்கிதான், கொடுத்தாயிற்று. அதன் பிறகு, கேட்ட விதம் சரியில்லை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அப்போது சொல்லத் தோன்றுவதில்லை.